நின்றே ஆடிய ஃபார்வர்ட்

போன மாதம் எங்கள் கிளப்பிலிருந்து இரண்டு பேர் யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கோ ஸின், மா எய். இருவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான்கு மாடி ஏறி வந்ததில் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு பையிலிருந்து கட்டுக்கட்டாகப் பழைய காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார்கள். எல்லாம் நான் எழுதிய அறிக்கைகள்.

"ஸயா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லியிருக்காங்க. உங்க கையெழுத்துதான் யாருக்கும் புரியல," என்றான் கோ ஸின். ஸயா என்றால் இங்கே பர்மாவில் வாத்தியார், ஐயா எல்லாம்தான். பெயருக்கு முன்னால் வரும் கோ, மா, ஊ, டோ எல்லாம் மரியாதைக்குச் சேர்ப்பவை.

என் வேலை ஆள் பார்ப்பது. கால்பந்து கிளப்புக்கு எந்த இளம் ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்யலாம், யாரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம் என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலை. ஸ்கவுட் என்பார்கள். இப்போது இந்தப் பிள்ளைகள் அதை வீடியோவில் பார்க்கிறார்கள். ஒரு ஆட்டக்காரர் எத்தனை தூரம் ஓடினார், எந்த மூலையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படம் வந்துவிடுகிறது. நல்ல கருவி. எனக்கு வயதாகிவிட்டது என்பதற்காக அதைக் குறை சொல்லமாட்டேன். கியாக்தான் என்ற ஊரில் ஒரு மழைநாளில் அது என் கையில் இருந்திருந்தால் பெரிய அவமானத்திலிருந்து தப்பியிருப்பேன்.

மா எய் ஒரு காகிதத்தை மட்டும் தனியாக எடுத்து நீட்டினாள். "இது என்ன ஸயா? முடிவுன்னு இருக்கிற கட்டத்துல ஒண்ண எழுதி அடிச்சிட்டு வேற எழுதியிருக்கீங்க. மேல பேர் இருக்கிற இடத்துல ஏதோ ஒட்டிப் பிச்ச மாதிரி இருக்கு."

அதைச் சொல்லி முடிக்க அன்று பிற்பகல் முழுவதும் ஆகிவிட்டது. கிளம்பும்போது, "இத எழுதி வைங்க ஸயா. ஆனா உங்க கையால வேணாம், போன்ல டைப் பண்ணுங்க," என்றாள். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஆட்டக்காரனாக இருந்தது கொஞ்ச காலம்தான். துறைமுகத் தொழிலாளர் அணி ஒன்றில் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன். இருபத்தாறு வயதில் முட்டி போனது. பிறகு ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராகச் சில வருடம். அங்கிருந்துதான் ஊ பா தின் என்னைக் கிளப்புக்கு அழைத்துக்கொண்டார். ஆள் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பிரிவு என்றால் அவர், நான், கோ அவுங் என்ற இன்னொருவர், ஒரு இரும்பு அலமாரி.

ஊ பா தின் ஒல்லியான மனிதர். எப்போதும் வாயில் வெற்றிலை இருக்கும். வெற்றிலை இருக்கும்வரை பேசமாட்டார். நாம் எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போவார். பேசவேண்டிய விஷயம் என்றால் எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவார். ஆகவே அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே நாங்கள் செய்த தப்பு என்ன என்று தேட ஆரம்பித்துவிடுவோம்.

என் முதல் அறிக்கை நான்கு பக்கம். 'அபாரமான வேகம்', 'அழகான உதை', 'அற்புதமான உழைப்பு' என்று எழுதியிருந்தேன். அவர் கோடு போட்டு முடித்தபோது பதினோரு வரி மிஞ்சியது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அபாரம்னா என்ன? நான் அந்தப் பையனப் பாக்கல. என் கண்ணுக்கு அவனக் காட்டு. பந்து வந்தா என்ன செஞ்சான், வராதப்ப என்ன செஞ்சான்? செஞ்சத மட்டும் எழுது."

அவர் அமைத்த நடைமுறை எளிமையானது, ஆனால் அலுப்பானது. உடல் சூடேற்ற ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வருமுன் நாம் அங்கே இருக்கவேண்டும். கிளப் தொப்பி போடக்கூடாது. பெற்றோர் பக்கத்தில் உட்காரக்கூடாது, மற்ற கிளப்பிலிருந்து வந்த ஆட்கள் பக்கத்தில் கண்டிப்பாகக் கூடாது, ஏனென்றால் அவர்கள் உச்சுக்கொட்டினால் நம் கையும் அதையே எழுதும். முதல் இருபது நிமிடம் பந்தைப் பார்க்காமல் அந்த ஒரே ஆளை மட்டும் பார்த்து, அவர் போன வழியைக் காகிதத்தில் பென்சிலால் கோடாக இழுக்கவேண்டும். பலவீனமான கால் எது, முதல் தொடுதலில் பந்து எவ்வளவு தூரம் விலகுகிறது, தப்பு செய்தபின் யாரைப் பார்க்கிறார், மாற்று ஆளை இறக்கி வெளியே கூப்பிட்டால் எங்கே போய் உட்காருகிறார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடைசியில் ஒரு கட்டம்: முடிவு. அதை மட்டும் மையில் எழுதவேண்டும்.

இதில் மூன்று முறை பார்க்கவேண்டும் என்ற விதி பின்னால் வந்தது. அது வந்ததற்குக் காரணம் நான்தான்.

கியாக்தானில் நல்ல மழைக்காலத்தில் ஒரு ஆட்டம். அங்கே சோ நைங் என்ற பதினெட்டு வயது முன்கள ஆட்டக்காரன். ஆற்றில் ஆட்களை ஏற்றிப்போகும் படகில் வேலை பார்த்தான். அன்று எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரையும் ஒருவர்பின் ஒருவராகத் தாண்டி மூன்று கோல் போட்டான். நான் குடையை மறந்து நனைந்துகொண்டே எழுதினேன். ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, உடனே எடுக்கவேண்டும் என்று மையில் எழுதிக் கொடுத்தேன். ஊ பா தின் ஊரில் இல்லை. கிளப் என் பேச்சை நம்பி எடுத்துவிட்டது.

யாங்கோனில் காய்ந்த புல்தரையில் அவனை இறக்கியபோதுதான் நான் செய்தது புரிந்தது. சேறும் வழுக்கலும் அவன் பிறந்து வளர்ந்த இடம். அன்றைக்கு மற்றவர்கள் எல்லோரும் வழுக்கினார்கள், அவன் வழுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. தரை காய்ந்தால் அவன் எல்லோரையும் போல ஒரு சாதாரணப் பையன். நான்கு மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். படகில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். நானே கியாக்தானுக்குப் போய், படகுக்காரரிடம் கெஞ்சி இன்னொரு படகில் அவனைச் சேர்த்துவிட்டு வந்தேன். அவன் என்மேல் கோபப்படவே இல்லை. "நாலு மாசம் நல்ல சாப்பாடு ஸயா," என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு விதி வந்தது. ஒரு முறை சொந்த மைதானத்தில், ஒரு முறை வெளி மைதானத்தில், ஒரு முறை அவர்கள் அணி தோற்கும்போது. மூன்றும் பார்க்காமல் மைப் பேனாவைத் தொடக்கூடாது.

இனி மா எய் கேட்ட காகிதத்துக்கு வருகிறேன்.

கிளப்பில் பெண்கள் அணி தொடங்கிய சமயம். முன்கள ஆட்டக்காரிக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. நகர ஓரத்து ஷ்வேப்யிதாவில் தையல் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறார்கள், அங்கே சூ சூ வின் என்று ஒருத்தி இருக்கிறாள், போய்ப் பார் என்று ஊ பா தின் என்னை அனுப்பினார். இரண்டு பஸ் மாறிப் போனேன்.

பார்த்தவுடன் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லோரும் வெயிலில் பந்தைத் துரத்திக்கொண்டிருக்க, இவள் நடு மைதானத்துக்குச் சற்று முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். உயரமும் இல்லை. ஓரத்தில் நின்று பார்த்தவர்கள், "ஓடு, ஓடு" என்று கத்தினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. பென்சிலால் அவள் போன வழியை இழுத்தேன். கோடு வரவில்லை. ஒரு சின்ன எலுமிச்சம்பழ அளவுக்குக் கிறுக்கல்தான் வந்தது.

விதிப்படி இருபது நிமிடமும் அவளையே பார்த்தேன். பதினைந்தாவது நிமிடம் இருக்கும். அவள் நான்கு எட்டு இடப்பக்கமாக நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். எதிரணியின் தடுப்பாட்டக்காரிகள் இரண்டு பேர் அவளோடேயே போனார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில், வலது ஓரத்தில் ஆடிய பெண் பந்தோடு நுழைந்து கோல் போட்டாள். தற்செயல் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே மாதிரி, இந்த முறை வலப்பக்கமாக. அப்போதுதான் கவனித்தேன், நகர்வதற்கு முன்னால் அவள் தன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலால் ஒரு பக்கத்தைக் காட்டுகிறாள். அவளுடைய அணிப் பெண்களுக்கு மட்டும் அது தெரிகிறது.

முப்பது வருடம் ஆள் பார்த்திருக்கிறேன். ஓடும் முன்கள ஆட்டக்காரர்கள் ஒரு டஜன் பேரைக் காட்டுவேன். எதிரணியை நடத்திக்கொண்டு போகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். அலுவலகத்துக்கு வந்து, "கெடச்சிட்டா" என்றேன். ஊ பா தின் வெற்றிலையை மென்றுகொண்டே மூன்று விரலைக் காட்டினார். மூன்று முறை.

இரண்டாவது முறை இன்னொரு தொழிற்பேட்டை மைதானத்தில். தரை மேடு பள்ளம். அங்கேயும் அதையேதான் செய்தாள். ஒரே ஒரு பந்து நேராக அவள் காலுக்கு வந்தது, கோலுக்கு எதிரே யாருமில்லை, அதை வானத்துக்கு உதைத்தாள். அதையும் எழுதினேன். ஆட்டம் முடிந்து பசி. மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு பளாட்டா கடை, நம் பரோட்டாதான். உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் போனில் தமிழில் பேசினேன்.

கடைக்கார அம்மா கரண்டியோடு திரும்பினார். "அண்ணே தமிழா?"

"ஆமாம்மா. பசுந்தாங்."

"பாத்தா பர்மாக்காரவுக மாதிரி இருந்திச்சு. எங்க அம்மா வீடும் அங்கிட்டுத்தான் இருந்திச்சு. இருங்க, இன்னொண்ணு சூடா போடுறேன்." அவர் பெயர் ராஜம்மா என்று சொன்னார். புருஷன் இல்லை, மகளும் சின்ன மகனும்தான் என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லுமுன் கடைக்குப் பின்னால் திரும்பிக் கத்தினார். "ரேவதி! வந்துட்டியா? கால கழுவிட்டு வா. சேத்தோட உள்ள வராத."

கால்பந்து உடையோடு வந்து நின்றவள் சூ சூ வின். வீட்டில் தமிழ்ப் பெயர், வெளியே பர்மியப் பெயர், இங்கே அது வழக்கம்.

கையிலிருந்த பளாட்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்களுக்கு அது ஏன் என்று சொல்லவேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு நான் ஒரு கோல்கீப்பரைப் பரிந்துரை செய்திருந்தேன். அவனும் தமிழ்ப் பையன். நல்ல கீப்பர்தான். ஆனால் கோ அவுங் விளையாட்டாக, "செல்வா, இவன் உன் அக்கா மகனா, தங்கச்சி மகனா?" என்று கேட்டார். சிரிப்பு. அந்தப் பையன் ஒரு பந்தைக் கோட்டை விட்டபோதெல்லாம் அலுவலகத்தில் யாராவது, "செல்வா வீட்டுப் பிள்ளை" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மறு வருடமே அவன் வேறு கிளப்புக்குப் போய்விட்டான். கேலி என் சட்டையிலேயே தங்கிவிட்டது.

இப்போது இந்தப் பெண். அம்மாவின் தமிழ், மகளின் பதிலெல்லாம் பர்மிய மொழியில். நான் யாரென்று சொல்லாமல் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது ஆட்டத்தில் அவர்கள் அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. நான்காவது கோல் விழுந்தபோது கோல்கீப்பர் பெண் உட்கார்ந்து அழுதாள். ரேவதி மெதுவாக நடந்து போய், வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து, அவள் காதில் ஏதோ சொன்னாள். அழுதவள் சிரித்துவிட்டாள். பிறகு பந்தை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அதை அப்படியே எழுதினேன். வீட்டுக்கு வந்து மைப் பேனாவை எடுத்து முடிவுக் கட்டத்தில் எழுதினேன்: 'இப்போதைக்கு வேண்டாம். கோல் அடிப்பதில்லை.'

ஊ பா தின் அதைப் படித்தார். சிவப்புப் பென்சில் எந்த வரியையும் தொடவில்லை. கடைசிவரை படித்துவிட்டு எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"முதல் நாள் லாட்டரி விழுந்தவன் மாதிரி வந்து நின்ன. இதுல எழுதியிருக்கிற எதுவும் முதல் நாளவிட மோசமில்ல. அப்ப இந்தக் கடைசி வரிய எழுதினது யாரு?"

பெண்ணின் அம்மா, பளாட்டா, கோல்கீப்பர், கேலி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குடையை எடுத்தார். "வர்ற ஞாயிறு நானும் வர்றேன்," என்றார்.

அந்த ஞாயிறு ஷ்வேப்யிதாவுக்கு இருவரும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மைதானத்தில் அவர் ரேவதியைப் பார்க்கவே இல்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரிகள் இரண்டு பேரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளைக்குள் அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். 'நீ ஏன் வந்தாய், நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேனே' என்று. ஊ பா தின்னுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு அருகே ஒரு சோற்றுக் கடையில் உட்கார்ந்தோம். அவர் அறிக்கையை என் பையிலிருந்து எடுக்கச் சொன்னார். கையில் இருந்த சிகரெட் பெட்டியின் உள்காகிதத்தைக் கிழித்து, தட்டிலிருந்து இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி, பெயர் இருந்த இடத்தின்மேல் அந்தக் காகிதத்தை ஒட்டினார். குடும்பம், முகவரி என்றிருந்த வரியின்மேலும் ஒட்டினார்.

"இப்ப இது யாருன்னு உனக்குத் தெரியாது. மேலேருந்து படி."

படித்தேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"படிச்சியா? இந்த ஆள என்ன செய்யலாம்?"

"எடுக்கலாம் ஸயா."

"அத எழுது."

பழைய வரியை அடித்துவிட்டு அங்கேயே எழுதினேன்: 'எடுக்கலாம். கோல் அடிப்பாள் என்று எதிர்பார்க்கவேண்டாம். பக்கத்தில் ஆடுகிறவள் அடிப்பாள்.' அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பெண்கள் அணிப் பயிற்சியாளர் டோ நிலார் அறிக்கையைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கோல் அடிக்காத ஃபார்வர்ட வெச்சிக்கிட்டு நான் என்ன செய்யிறது?"

"ஒரு மாசம் நிக்கவிட்டுப் பாருங்க," என்றேன்.

கோ அவுங் வாயைத் திறந்தார். ஊ பா தின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். கோ அவுங் வாயை மூடிக்கொண்டார்.

இனிதான் கஷ்டமான பகுதி. கிளப்பின் ஒப்பந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ராஜம்மாவின் கடைக்கு நானே போனேன். படித்துச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல. சரி, அத விடுங்க. இவளுக்கு ஃபேக்டரில சூப்பர்வைசர் போஸ்ட் குடுக்கிறோமுன்னு சொல்லியிருக்காக. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். ஆறு வருசமா மெசின்ல ஒக்காந்து இப்பத்தான் வந்திருக்கு. இத விட்டுட்டு உங்ககூட வந்தா எம் பொண்ணு தேறுவாளா? ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புறேன்."

தேறுவாள் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சோ நைங் கண்முன் வந்தான். எங்கள் விதிப்படி, எழுதியதை ஆட்டக்காரரிடமோ குடும்பத்திடமோ சொல்லக்கூடாது. வெளியே போய் ஊ பா தின்னுக்கு போன் போட்டேன். அறிக்கையை இவர்களுக்குப் படித்துக் காட்டலாமா என்று கேட்டேன். மறுமுனையில் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் துப்புகிற சத்தம். "முழுசாப் படி. நல்லத மட்டும் பொறுக்காத," என்று வைத்துவிட்டார்.

ரேவதியும் வந்து உட்கார்ந்தாள். பர்மிய மொழியில் எழுதியதை அம்மாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். 'ஓடச் சொன்னால் ஓடுவதில்லை.'

"வீட்லயும் அப்படித்தான்," என்றார் ராஜம்மா.

'கோலுக்கு எதிரே தனியாக இருந்தபோது பந்தை மேலே உதைத்தாள்.' ரேவதி பர்மிய மொழியில் சண்டைக்கு வந்தாள், அங்கே தரையில் கல் இருந்தது என்று. கல்லை நான் பார்க்கவில்லை என்றேன். 'தோற்கும்போது கோல்கீப்பரைச் சிரிக்கவைத்தாள்.' என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நாளைக்கு உனக்கு லீவு, எனக்கு ஷிஃப்ட். அழவேண்டியது நான்தான்னு சொன்னேன்," என்றாள்.

முழுக்கப் படித்து முடித்து, காகிதத்தை மடித்தேன். "இவ்வளவுதாம்மா எனக்குத் தெரியும். ஒப்பந்தம் ரெண்டு வருசம். தேறுவாளான்னு எனக்குத் தெரியாது. கிளப்புல யாருக்கும் தெரியாது. ரெண்டு வேலையும் நல்ல வேலைதான்."

ராஜம்மாவுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கவேண்டும். மகளைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார். ரேவதி மறுநாள் தொழிற்சாலையில் கேட்டுப் பார்த்தாள். அந்த வேலையை அவளுக்காக ஒதுக்கிவைக்க முடியாது என்றார்கள், அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

ஐந்து நாள் ஒரு தகவலும் இல்லை. வரமாட்டாள் என்று முடிவு செய்து, டோ நிலாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நாள் காலையில் கிளப் வாசலில் ஒரு பையோடு நின்றாள். இடுப்பில் கை.

"யோசிச்சுப் பாத்தேன் ஸயா," என்றாள், அரைகுறைத் தமிழில், எனக்காக. "அங்க சும்மா நின்னா ஏசுவாங்க. இங்க நிக்கிறதுக்கே கூப்பிட்டிருக்கீங்க."

முதல் எட்டு ஆட்டமும் அவள் பெஞ்சில்தான் இருந்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் போய் அரங்கில் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் நடக்காமல் பஸ் ஏறுவேன். ஒன்பதாவது ஆட்டத்தில், வழக்கமான முன்கள ஆட்டக்காரிக்குக் கணுக்கால் பிசகி, டோ நிலார் வேறு வழியில்லாமல் இவளை இறக்கினார். அன்று ராஜம்மா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். நான் வேலையில் இல்லாத ஆட்டம் என்பதால் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ரேவதி போய் நின்றாள். அரங்கில் கத்த ஆரம்பித்தார்கள். பின் வரிசையில் ஒருவர், "இந்தப் பொண்ணுக்கு யாராவது நாற்காலி குடுங்கப்பா!" என்றார். ராஜம்மாவுக்கு பர்மிய மொழி நன்றாகவே தெரியும். எழுந்து திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் அந்த விரல். மூன்று எட்டு நடை. இரண்டு தடுப்பாட்டக்காரிகளும் அவளோடு நகர்ந்தார்கள். ஓரத்து ஆட்டக்காரி காலியான இடத்தில் புகுந்து அடித்தாள். கோல்! எல்லாப் பெண்களும் அடித்தவளைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். அடித்தவளோ அவர்களை விலக்கிக்கொண்டு ரேவதியிடம் ஓடிவந்து அவளைத் தூக்கினாள். கால் தரையில் படாமல் தொங்கியபோதும் அவள் அதிகம் அசையவில்லை.

"அடிச்சது அந்தப் பொண்ணுதான அண்ணே? பின்ன எதுக்கு எம் பொண்ணத் தூக்குது?" என்று ராஜம்மா கேட்டார். நான் விளக்கினேன். பாதி புரிந்தது போலத் தலையாட்டினார். பின் வரிசைக்காரரிடம் திரும்பி, தெளிவான பர்மிய மொழியில், "நாற்காலி வேணாம். எம் பொண்ணு நின்னுக்குவா," என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்த பகுதி முழுக்கச் சிரித்தது. அந்த ஆளும் சிரித்தார்.

அந்தப் பருவத்தில் ரேவதி அடித்தது ஒரே ஒரு கோல், அதுவும் யாரோ உதைத்தது அவள் தோளில் பட்டு உள்ளே போனது. ஆனால் அவள் பக்கத்தில் ஆடியவள்தான் அந்த வருடம் எங்கள் அணியில் அதிகக் கோல் போட்டாள். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் டோ நிலாரே புதுப்பித்தார். ரேவதி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள். கோ ஸின் அவளுடைய அந்தச் சிவப்பு மஞ்சள் படத்தைக் கணினியில் எனக்குக் காட்டினான். நடுவில் ஒரு சின்ன சிவப்புப் புள்ளி, மற்றபடி வெள்ளை. "இதப் பாத்துட்டு நாங்களா இருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்போம் ஸயா," என்றான். நானும் வேண்டாம் என்றுதானே எழுதினேன் என்றேன். அவன் சொன்னதற்காவது ஒரு படம் காரணம்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் நான் எழுதிய கடைசி அறிக்கைகளில் ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் சொந்த அக்காவின் பேரன். பெயர் முருகன், நல்ல உயரம், ஆசையும் இருந்தது. அலுவலகத்தில் வேறு ஆளை அனுப்பலாமே என்றார்கள். நானே போகிறேன் என்றேன். மூன்று முறை பார்த்தேன். வீட்டுக்கு வந்து, ஒரு துண்டுக் காகிதத்தைப் பெயரின்மேல் வைத்துப் படித்தேன். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன்: வேண்டாம்.

அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பொங்கலன்று போனேன். வாசலிலேயே மறித்தாள்.

"நிஜத்தச் சொல்லுடா செல்வா. அவன் அவ்வளவு மோசமா?"

"மோசமில்லக்கா. பந்து வர்றது அவனுக்கு எல்லாருக்கும் அப்புறம்தான் தெரியுது."

அவள் உள்ளே ஈஸி சேரில் சாய்ந்து பத்திரிகையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த என் மச்சானைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது அவன் தாத்தா வழி," என்றாள். "உள்ள வா, பொங்கல் ஆறுது."